எல்லாம் கனவு மாதிரி இருக்கிறது: அந்நிய உணர்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மனநல ஆலோசனைக்கு வரும் தமிழர்களில் சிலர், தங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் தவிப்பார்கள். பயமா என்றால் பயம் மட்டும் இல்லை. சோகமா என்றால் அதுவும் இல்லை. "நான் நானா இல்லை", "எல்லாம் படம் ஓடுற மாதிரி இருக்கு" என்பார்கள். சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்படுவார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். மருத்துவரிடம் போய் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

இந்த உணர்வு என்றால் என்ன?

இது இரண்டு விதமாக வரும். ஒன்று, தன்னைப் பற்றியது. கையைப் பார்த்தால் அது தன் கை போல இல்லை. பேசும்போது குரல் வேறு எங்கிருந்தோ வருவது போல இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது பழகிய முகம்தான், ஆனால் 'இது நான்' என்ற ஒட்டுதல் மட்டும் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அம்மா என்று தெரியும், பாசம் மட்டும் எழாது. பலரை அதிகம் வாட்டுவது இந்தக் கடைசி ஒன்றுதான். தங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். இதை மருத்துவர்கள் டீபெர்சனலைசேஷன் என்கிறார்கள்.

இன்னொன்று, உலகத்தைப் பற்றியது. பத்து வருடமாக நடந்த பிரிக்ஃபீல்ட்ஸ் தெரு, யாரோ செட் போட்டு வைத்தது போலத் தெரியும். ஆட்கள் தட்டையாக, அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருப்பார்கள். சத்தம் தூரத்தில் கேட்கும். காலையில் நடந்தது போன வாரம் நடந்தது போல இருக்கும். இது டீரியலைசேஷன். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 ஆகிய இரண்டு கையேடுகளும் இவற்றை ஒரே கோளாறாக வைத்திருக்கின்றன.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

எந்தக் கேள்வியில் பேச்சு தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மனச்சிதைவு போன்ற நோய்களில் ஒருவர் தனக்குத் தோன்றுவதை அப்படியே நம்புவார். பக்கத்து வீட்டுக்காரர் தன் தலைக்குள் பேசுகிறார் என்றால், அவரைப் பொறுத்தவரை அது நடக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. நீங்கள் அப்படி இல்லை. கை உங்களுடையதுதான் என்று உங்களுக்குத் தெரியும். அப்படி உணரத்தான் முடியவில்லை. தெரு நிஜம்தான் என்று தெரியும். நிஜமாகத் தோன்றத்தான் மறுக்கிறது. நிஜம் எது என்ற அறிவு கலையாமல் இருப்பது இந்த நோயறிதலின் விதிகளிலேயே ஒன்று. 'எனக்குப் பைத்தியமோ' என்று நீங்கள் இவ்வளவு கலங்குவதே அந்த அறிவு உங்களிடம் இருப்பதால்தான்.

ஆனால் இந்தப் பயம் சும்மா இருப்பதில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்லும். காலையில் கண் விழித்ததும் 'இன்னும் இருக்கா?' என்று பார்ப்பது, கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, இரவு இரண்டு மணிக்குப் போனில் அறிகுறிகளைத் தேடுவது, கண்ணாடி முன் நின்று முகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. எந்தக் குறையும் இல்லாத ஆளே மங்கலான வெளிச்சத்தில் பத்து நிமிடம் தன் முகத்தையே கண்ணாடியில் உற்றுப் பார்த்தால், முகம் கோணலாகவும் அந்நியமாகவும் தெரியத் தொடங்கும். ஆய்வுகளில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பயந்துபோன ஆள் ஒரு நாளைக்கு முப்பது முறை பார்த்தால் என்ன ஆகும்? சோதனை அந்நியத்தைக் கூட்டும், அந்நியம் பயத்தைக் கூட்டும், பயம் மறுபடி சோதிக்கச் சொல்லும். என் கருத்தில், சில நிமிடங்களில் போயிருக்க வேண்டியதை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது பல நேரம் இந்தச் சுழற்சிதான்.

'போல' என்பது போய், உலகம் உண்மையிலேயே பொய், யாரோ திட்டமிட்டு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னாலோ, ஆளில்லாத குரல் கேட்டாலோ, அது வேறு கதை. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இது எனக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிச் சற்று நேரம் வந்து போகிறது. விபத்துக்குப் பிறகு, சாவு வீட்டில், இரண்டு இரவு தூங்காத பிறகு. அது நோய் இல்லை. அது போகாமல் தங்கி, அல்லது அடிக்கடி திரும்பி வந்து, வேலையையும் படிப்பையும் உறவையும் கெடுக்கும்போதுதான் கோளாறு என்கிறோம். அப்படிப்பட்டவர்கள் நூற்றில் இரண்டு பேர் அளவில் இருப்பார்கள். ஆண் பெண் வித்தியாசம் இல்லை. தொடங்கும் சராசரி வயது 16. நம் ஊர்க் கணக்கில் நான்காம் படிவம். 25 வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தொடங்குவது நூற்றில் ஐந்து பேருக்குத்தான்.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் போன் வியாதி என்கிறார் என் அப்பா. உண்மையா?

டீபெர்சனலைசேஷன் என்ற சொல்லை இந்த நிலைக்கு வைத்தவர் லுடோவிக் துகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். வைத்த வருடம் 1898. அப்போது இங்கே ரப்பர் தோட்டங்களே சரியாகப் பரவியிருக்கவில்லை. போன் தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் இது கூடுகிறது. அந்த அளவுக்கு மட்டும் அப்பா சொல்வது சரி.

ஏன் வருகிறது?

இடி மின்னலில் வீட்டுக்குள் பொருள்கள் கருகாமல் இருக்க மெயின் சுவிட்ச் தானே விழுந்துவிடுகிறது இல்லையா, மூளையும் தாங்க முடியாத நேரத்தில் அப்படி ஒன்று செய்கிறது. பயத்தையும் வலியையும் மட்டும் தனியாக அணைக்க அதற்குத் தெரியாது, எல்லா உணர்ச்சியையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. உணர்ச்சியின் நிறம் போனதும் பார்ப்பது கேட்பது எல்லாம் வெறும் தகவலாகிவிடுகிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி, தோலில் ஏற்படும் நுண்ணிய வியர்வை மாற்றத்தை அளந்திருக்கிறார்கள்; மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே 'எனக்கு எதுவும் உறைக்கவில்லை' என்பது நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை.

எது தூண்டுகிறது என்று பார்த்தால், முதலிடம் கடும் பதற்றத்துக்கு, குறிப்பாகப் பேனிக் அட்டாக்குக்கு. வேகமாக மூச்சு வாங்கினாலே தலை லேசாகி இந்த உணர்வு வரும். அடுத்தது தூக்கமின்மை. பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இந்த வாரம் பகல் அடுத்த வாரம் இரவு என்று மாறி மாறிச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் பேருந்தில் திரும்பும்போது பினாங்குப் பாலமே பொம்மைப் பாலம் போலத் தெரிந்தால், முதலில் தூக்கக் கணக்கைப் பாருங்கள்.

கஞ்சா பெரிய காரணம். ஒரே ஒரு முறை இழுத்தவருக்கும் பேனிக் வந்து, போதை இறங்கிய பிறகும் இந்த உணர்வு மாதக்கணக்கில் தங்கியது உண்டு. செயற்கைக் கஞ்சா கலந்த வேப் இன்னும் மோசம். கெத்தும் என்ற செடியின் இலையை அவித்த தண்ணீரில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் பழக்கம் வடக்கே இருக்கிறது. சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் அளவு மீறினால் நேராக இதே நிலைக்குத்தான் கொண்டுபோகும். மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள். அவர் கேட்பது சிகிச்சைக்காக.

பின்னணியில் சிறு வயதுக் காயங்களும் இருக்கும். அடி உதையைவிட, நாள்தோறும் மட்டம் தட்டப்படுவது, திட்டப்படுவது, கண்டுகொள்ளப்படாமல் வளர்வது ஆகியவற்றோடு இந்தக் கோளாறுக்கு நெருக்கமான தொடர்பு தெரிகிறது. 'நாங்கள் கை நீட்டியதே இல்லையே' என்று பெற்றோர் சொல்லும்போது நான் அங்கேயே பேச்சை முடித்துவிடுவதில்லை. எல்லோருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும் என்றும் இல்லை.

உடம்பில் ஏதாவது கோளாறாக இருக்குமா?

இருக்கலாம், அதனால்தான் முதலில் மருத்துவர். மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் எழும் ஒருவகை வலிப்பு, மைக்ரேன், தலையில் அடி, காதின் சமநிலைக் கோளாறு, சில மருந்துகள் எல்லாம் இந்த உணர்வைத் தரும். வந்தால் சில நொடிகள் அல்லது ஓரிரு நிமிடம் மட்டும் இருந்து, கூடவே விசித்திரமான வாசனை, வயிற்றிலிருந்து மேலே எழும் ஒரு கிளர்ச்சி, நினைவு தப்புதல் இருந்தால் வலிப்பைச் சந்தேகிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தால் உடல் காரணத்தை நன்றாகத் தேட வேண்டும்.

சாமி வருவதும் இதுவும் ஒன்றா? வீட்டில் செய்வினை என்கிறார்கள்.

தைப்பூசத்தில் உறுமி அடிக்க, ஒருவருக்கு அருள் வருகிறது. விரதம் இருந்து, வேண்டிக்கொண்டு, கூட்டத்தோடு போய், அந்த இடத்தில் வருகிறது. காவடி இறக்கி விபூதி பூசியதும் போகிறது. மறுநாள் அவர் வேலைக்குப் போகிறார். இது நோய் இல்லை. ஐசிடி-11 மயக்க நிலைக் கோளாறுகளுக்கு வைத்திருக்கும் விதியே, சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவதைக் கோளாறாக எடுக்கக்கூடாது என்பதுதான். மனநலத் துறையைச் சேர்ந்த சிலர் அருள் வருவதையே கேலியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது அறியாமை.

அதே நிலை அழைக்காமல் வந்தால்? வகுப்பறையில், தொழிற்சாலையில், மாமியாரோடு சண்டை நடந்த இரவில் வந்தால்? வந்தவருக்கு அது வேதனை, பிறகு எதுவும் நினைவில்லை, வாராவாரம் திரும்ப வருகிறது என்றால் அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஐசிடி-11-இல் இதற்கும் தனித் தலைப்பு உண்டு. அதுவும் இந்தப் பக்கத்தில் பேசும் கனவுநிலை உணர்வும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு. கனவுநிலை உணர்வில் நீங்கள் விழித்திருப்பீர்கள், எல்லாம் நினைவிருக்கும், வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

செய்வினை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. பூசாரி திருநீறு போட்டு மனம் சமாதானம் அடைந்தால் நல்லதுதான். ஆனால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, தூங்கவிடாமல் உட்கார வைப்பது, 'பரிகாரம் முடியும்வரை மருந்து சாப்பிடாதே' என்பது, ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பயமும் தூக்கமின்மையும் இந்த நிலையை நேரடியாக மோசமாக்கும். கோயிலுக்குப் போவது, மருத்துவரைப் பார்ப்பது இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யலாம்.

ஒரு உடம்பில் பல ஆள் இருப்பதாகப் படங்களில் காட்டுவார்களே, அதுவா?

அது விலகல் அடையாளக் கோளாறு. இதே குடும்பத்தில் இன்னொரு பிரிவு. பெரும்பாலும் சிறு வயதில் நீண்டகாலம் நடந்த கொடுமையின் விளைவு. படங்களில் போல முகம் மாறி, குரல் மாறி, கத்தியோடு வருவது மிக அரிது. பாதிக்கப்பட்டவர்கள் அதை மறைத்துத்தான் வாழ்கிறார்கள். உங்களுக்கு நேரம் காணாமல் போகிறதா? வாங்கியதாக நினைவே இல்லாத பொருள் பையில் இருக்கிறதா? எப்படி வந்தோம் என்று தெரியாமல் ஈப்போ பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்களா? அப்படியானால் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தக் கவலை வேண்டாம்.

வரும்போது என்ன செய்வது?

விரட்டப் பார்க்காதீர்கள். 'வந்திருக்கு, ஆபத்தில்லை, செய்துகொண்டிருந்ததைத் தொடர்கிறேன்' என்பதுதான் அடிப்படை. பிறகு புலன்களுக்கு வலுவாக ஏதாவது கொடுங்கள். ஆசாம் போய் எனப்படும் புளிப்பு உலர்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்; அந்தப் புளிப்பை மூளையால் அலட்சியம் செய்ய முடியாது. சில்லென்ற தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் வையுங்கள், தைலத்தை முகருங்கள், கால் இரண்டையும் தரையில் அழுத்துங்கள். கொமுட்டர் ரயிலில் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே சிவப்பாகத் தெரிவதையெல்லாம் எண்ணுங்கள். கவனம் உள்ளே இருந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். வலுவான புலனுணர்வு என்றதும் கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்பவர்கள் நிறைய. எல்லோருக்கும் அது ஒத்துவராது. மூச்சையே கவனித்து உட்கார்ந்தால் சிலருக்கு இந்த உணர்வு கூடுகிறது. கூடினால் குற்ற உணர்ச்சி இல்லாமல் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு நடக்கப் போங்கள். பேரங்காடிகளின் வெள்ளைக் குழல்விளக்கு பலருக்குத் தூண்டுதல். ஆனால் அதற்காக மிட் வேலி பக்கமே போகாமல் இருக்கத் தொடங்கினால், அடுத்து செந்தூல் மார்க்கெட், பிறகு வீட்டு வாசல் என்று உலகம் சுருங்கிவிடும். சின்னச் சின்ன நேரமாகப் போய்ப் பழகுவதே நல்லது.

மருந்து உண்டா?

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் புளூவாக்செட்டின் மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2004-இல் வெளிவந்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் மருத்துவர் அந்த வகை மருந்தை எழுதினால் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம். கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அது வேலை செய்யும். அவை இறங்கினால் இதுவும் பலருக்கு இறங்கும். தொடங்கிய மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

முக்கிய சிகிச்சை பேச்சுதான், குறிப்பாக அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று எழுதி வைப்பது, சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைக் குறைப்பது, தவிர்த்த இடங்களுக்குத் திரும்பப் போவது, 'மூளை கெட்டுவிட்டது' என்ற எண்ணத்தை ஆராய்வது. குறிப்பேடு எழுதும்போது பலர் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: நாள் முழுதும் ஒரே மாதிரி என்று நினைத்தது, தோழியோடு பேசிச் சிரித்த அரை மணி நேரம் இல்லாமலேயே இருந்திருக்கிறது. பழைய காயங்கள் இருந்தால் அவற்றை அவசரமாகக் கிளறாத ஆலோசகர் வேண்டும். முதலில் தூக்கம், பாதுகாப்பு. அப்புறம்தான் மற்றது.

எங்கே போவது? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?

1911-இல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரைக் கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே நம் ஆட்களை மருத்துவரிடமிருந்து விரட்டியிருக்கிறோம். இந்தப் பிரச்சினைக்காக யாரும் உங்களை அங்கே அனுப்பப் போவதில்லை. வெளிநோயாளியாக வந்து போகலாம்.

பக்கத்தில் இருக்கும் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் கொடுத்தால் கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை போன்ற இடங்களின் உளமருத்துவப் பிரிவுக்குப் போகலாம். அவசரம் இல்லாத ஆட்கள் கொஞ்சம் காத்திருக்க நேரிடும். அரசின் சமூக மனநல மையங்களான மெந்தாரியும் இருக்கின்றன.

தமிழில் பேசும் ஊழியர் கிடைப்பாரா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். கிடைக்காவிட்டால் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருக்கும், தூக்கம், போதைப்பொருள், மருந்துகள். 'தலை சுற்றல்' என்று மட்டும் சொன்னால் தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 'ராசா மாச்சாம் டாலாம் மிம்பி', கனவுக்குள் இருப்பது போல இருக்கிறது என்று மலாயில் ஒரு வாக்கியம் சொன்னால் பேச்சு சரியான பாதைக்கு வந்துவிடும்.

இப்படியே வாழ்வதற்குச் சாகலாம் என்று தோன்றுகிறது.

இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்காதீர்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தற்கொலை முயற்சி மலேசியாவில் 2023 முதல் குற்றம் இல்லை. போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து உதவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மகளுக்கு இருக்கிறது. நாங்கள் என்ன சொல்லலாம்?

'ரொம்ப யோசிக்காதே' என்பதை விட்டுவிடுங்கள். யோசிப்பதை நிறுத்த யோசிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கொரு முறை 'இப்போ எப்படி இருக்கு?' என்றும் கேட்காதீர்கள், அது அவளைச் சோதிக்க வைக்கும். 'நீ சொல்றதை நம்புறேன்மா, வா, கடைக்குப் போய்ட்டு வரலாம்' என்பது போதும். உங்களிடம் அவள் காட்டும் வெறுமையைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசம் போய்விட்டது என்று உங்களைவிட அவள்தான் அதிகம் பயப்படுகிறாள்.

எவ்வளவு நாள் இருக்கும்?

மணிக்கணக்கும் உண்டு, வருடக்கணக்கும் உண்டு. கோளாறு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு விட்டு விட்டு வரும், மூன்றில் ஒரு பங்கினருக்குத் தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து இருக்கும், மீதிப் பேருக்கு விட்டு விட்டு வந்தது பிறகு தொடர்ச்சியாகும். குணமாவது பெரும்பாலும் ஒரே நாளில் திரை விலகுவது போல நடக்காது. நடுவில் மறந்துபோகும் நிமிடங்கள் கூடிக்கொண்டே வரும்.

மோட்டார் ஓட்டலாமா?

உணர்வு லேசாக இருந்து, கவனம் சரியாக இருந்தால் ஓட்டலாம். தூரத்தையும் வேகத்தையும் கணிக்கச் சிரமமாக இருந்தால், புதிய மருந்து தூக்கம் தந்தால், வலிப்புச் சந்தேகம் இருந்தால், மருத்துவர் சரி என்னும்வரை வேண்டாம்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். எடுக்கலாமா?

பலர் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பட்டினி, இரவு முழுதும் விழிப்பு, நெரிசல், மேளச் சத்தம் நான்கும் இந்த உணர்வைத் தூண்டக்கூடியவை. அதனால் சில ஏற்பாடுகள் வேண்டும். விரத காலத்தில் மருந்தை நிறுத்தக்கூடாது; சாப்பாட்டு நேரம் மாறினால் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். முந்தைய நாள் பகலில் தூங்குங்கள். தண்ணீர் குடியுங்கள். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே வரட்டும். இந்த வருடம் உடம்பு தாங்காது என்று தோன்றினால் அலகுக் காவடிக்குப் பதில் பால்குடம் எடுப்பது பற்றிக் கோயில் பெரியவர்களிடம் பேசுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஏறினால் பத்துமலையின் 272 படிகளும் சரி, தண்ணீர்மலையின் 513 படிகளும் சரி, நின்று நின்று ஏறலாம்.